சுற்றுக்கு அறுபத்தைந்து மில்லி

அவர்களுடைய பருவம் தையில் தொடங்குகிறது.
ஃப்ளோரிடாவில் வெள்ளி மதியம்;
திருப்பாதிரிப்புலியூரில்
சனி பிறந்து கால் மணி நேரம்.
கடைசி மினி பஸ்ஸும் அடங்கியபின்
மாடி அறையில் மூன்று திரைகளை எழுப்புகிறேன்.
ஐம்பத்தெட்டாம் எண். நீலக் கார்.
பின்னால் அந்த இறக்கை இல்லாவிட்டால்
கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம்.
அதன் வயிற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அவர்கள் கேலனில் பேசுவார்கள்.
நான் லிட்டரில் நினைப்பேன்,
மில்லியில் பயப்படுவேன்.
பெரியநாயகி என்ற பெயரை
ஒஹையோக்காரர்கள் 'பெரி' ஆக்கிவிட்டார்கள்,
பந்தயத்துக்குமுன் பின்சீட்டைக் கழற்றுவதுபோல.

பங்குனியில் செப்ரிங்.
பழைய விமான ஓடுதளம்,
கான்கிரீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே வெடிப்பு.
ஒவ்வொன்றிலும் என் கோடு துள்ளும்,
பாதாள சாக்கடைக்குத் தெருவைத் தோண்டிய வருஷம்
ஸ்கூட்டர் முள் துள்ளியதுபோல.
பதினேழாம் வளைவில் சுவரைத் தொட்டுவிட்டான் கோர்ட்.
எனக்கு விபத்து என்றால் இவ்வளவுதான்:
வேகம், பூஜ்யம்.
பிறகு ரேடியோவில் ஒரு மூச்சு.
பிறகு ஒரு கெட்ட வார்த்தை.
அப்பாடா.

கலிபோர்னியாவில் பாதை
குன்றின் உச்சியிலிருந்து திருகிக்கொண்டு இறங்குமாம்.
எனக்கு அது வரைபடத்தில் ஒரு கோணல் பல்.

ஆனி மாதம் எதுவும் நினைவில்லை.
மகளுக்கு டெங்கு.
தட்டணுக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
வேறு யாரோ கணக்குப் பார்த்தார்கள்;
மேட்டில் ஏறும்போது கார் வறண்டு நின்றதாம்.

ஆடிப்பெருக்கு சமயம் விஸ்கான்சின். மூன்றாம் இடம்.
படம் அனுப்பினார்கள்.
துறைமுகத்தில் ஐஸ் உடைத்துவிட்டு
விடியலில் ஈர லுங்கியோடு வந்த தங்கராசன்
போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.
"இதுல நீ எங்க?"
பின்சக்கரத்துக்கு மேலே,
தகடு மூடிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

புரட்டாசி கடைசி வெள்ளி. ஜார்ஜியா.
வங்கக் கடலில் தாழ்வு மண்டலம்,
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு,
ஜன்னல் வழியே சாரல் விசைப்பலகைமேல்.
பதினான்கு சுற்று பாக்கி.
தொள்ளாயிரத்துப் பத்து மில்லி போதாது.
மறுபடி போட்டேன். போதாது.
"குழிக்குள் கூப்பிடலாமா, பெரி?"
வேண்டாம்.
டெலானியிடம் சொல்லுங்கள்:
இறக்கத்தில் முன்னாலேயே காலை எடுக்கட்டும்,
உருளவிடட்டும், பிறகு பிரேக்.
சுற்றுக்கு அறுபத்தைந்து மில்லி,
ஒரு சின்ன கிளாஸ் டீ.
டெலானி பதில் சொல்லவில்லை.
அடுத்த சுற்றில் அறுபது.
அதற்கடுத்து எழுபத்தொன்று.
பார்த்ததே இல்லாத ஒரு பெண்ணின் பாதம்
என் சொல்லுக்கு மெல்லத் தூக்கிக்கொடுப்பதைத்
திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு சுற்று இருக்கும்போது கரன்ட் போனது.
இன்வெர்ட்டர் ஒருமுறை விக்கி அணைந்தது.
போனில் ஒரு கோடுகூட இல்லை.
இருட்டில் உட்கார்ந்து,
ஒரு நிமிஷம் இருபத்தெட்டு நொடிக்கு ஒருமுறை
விரலை மடக்கினேன்.
ஆறு விரல்.
மேலே தென்னை மட்டை விழுந்தது.

காலையில் செய்தி வந்தது.
நான்காம் இடம். கோப்பை இல்லை.
டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன்.
யாரும் அளக்கவில்லை.
சீசன் முடிந்துவிட்டது பெரி, தூங்கு என்றார்கள்.

தூங்கவில்லை.
ஸ்கூட்டர் ரிசர்வில் இருந்தது.
ஆல்பேட்டை தாண்டி,
கலங்கிய பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி,
முள்ளோடையில் புதுச்சேரி பெட்ரோலுக்கு வரிசை.
நான்கு லிட்டருக்கு இருபது ரூபாய் மிச்சம்.
போய்வர எரிவது முப்பத்துச் சொச்சம்.
எனக்குத் தெரியாதா?
தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் போகிறேன்.

பாலத்தின் இறக்கத்தில்
முன்னாலேயே ஆக்ஸிலேட்டரை விட்டு
உருளவிட்டேன்.
பின்னால் வந்த லாரிக்காரன்
ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.